முதுகுக்குப் பின்னால் கடல்

கோட்டக்குப்பத்தைத் தாண்டி வடக்கே நடந்துகொண்டிருந்தேன். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. வலப்பக்கம் தோப்புகளுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. கையில் ஒரு மஞ்சள் பை. அதில் ஒரு லுங்கி, ஒரு சட்டை, பாதி தேய்ந்த சோப்பு. புதுச்சேரிக் கடற்கரையில் வேனையும் அதில் வந்தவர்களையும் விட்டுவிட்டுக் கிளம்பியவன், திண்டிவனம் வரை நடந்தே போய்விடுவதென்று வைத்திருந்தேன். அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று எனக்கே தெரியும். ஆனால் அந்த நேரத்தில் கால்களுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டியிருந்தது. வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதும் அல்ல. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். செங்கல் சூளையிலிருந்து நடந்திருக்கிறேன், பந்தல்காரரிடமிருந்து நடந்திருக்கிறேன், விழுப்புரத்து லாட்ஜ் ஒன்றிலிருந்து விடிவதற்குள் நடந்திருக்கிறேன். எங்கிருந்தும் எதையும் எடுத்துக்கொண்டு வந்ததில்லை. அன்று மட்டும் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் வேனில் ஊர் காட்டிய கைடு பாயின் முகம் கடலைப் பார்த்தபோது எப்படி இருந்தது என்பதை. அவனே கேட்டான். நான் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில், விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே ஒரு வேன் நிற்கும். கல்யாணக் காலத்தில் கல்யாணத்துக்குப் போகும். மற்ற நாட்களில் ஊர் சுற்றிக் காட்டும். வெளியூர்க்காரர்கள் அதில் ஏறியது குறைவு. ஏறியவர்களெல்லாம் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் சுற்றுப்பட்ட கிராமத்துக் குடித்தனக்காரர்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி, காய வைத்து, மண்டியில் போட்டுவிட்டு வந்த வாரத்தில் வீட்டுப் பெண்கள் கேட்பது ஒரு புடவை, அடுத்தது கடல். முப்பது மைல் தொலைவில் கடல் இருந்தும் நாற்பது வயதுவரை அதைப் பார்க்காதவர்கள் அந்த ஊர்களில் நிறையப் பேர் இருந்தார்கள். கிணற்றையும் ஏரியையும் கட்டிக்கொண்டு அழுபவனுக்குக் கடலில் என்ன வேலை? நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வேனைப் பேசுவார்கள். பிரம்மதேசத்தில் பழைய கோயில், மரக்காணத்தில் உப்பளம், பிறகு கடலோரமாகவே இறங்கிப் புதுச்சேரி. அங்கே பீச்சு, லைட் ஹவுஸ், பூங்கா. திரும்பும் வழியில் திருவக்கரையில் அம்மனும் கல்லாகிப்போன மரங்களும். காலையில் கட்டிய புளிசாதம் மதியத்தில் தீர்ந்துவிடும். சாயங்காலம் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

அந்த வேனில் நான் கிளீனர். மேலே மூட்டை கட்டுவது, டயர் மாற்றுவது, தண்ணீர் டிரம் நிரப்புவது, யாராவது வாந்தி எடுத்தால் வாளியை நீட்டுவது என் வேலை. என் இடம் கடைசி சீட்டில், டிரம்முக்கும் ஸ்டெப்னிக்கும் நடுவே. கைடாக இருந்தவன் கோட்டக்குப்பத்து முஸ்லிம், என் வயதுதான் இருக்கும். எல்லோரும் அவனைக் கைடு பாய் என்றார்கள். டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடிய பெட்டி ஒன்று உண்டு. அதில் இடுப்பைச் சாய்த்து, மேல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சாலைக்கு முதுகைக் காட்டி, பயணிகளைப் பார்த்தபடி நிற்பான். நாள் முழுக்க அப்படித்தான். எதைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். வளைவையும் குலுக்கலையும் வைத்தே எங்கே வந்திருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும். உப்பளம் வந்தால் தோளுக்குப் பின்னால் கட்டை விரலைக் காட்டி, "வெள்ளையா கீதே, பனின்னு நெனைச்சிக்காதீங்க, நம்ம வூட்டு ரசத்துல வுழுவுறது இதான்" என்பான். கோயில் வாசலில் இறங்கி நின்றுகொண்டு, "நீங்க உள்ள போய்ட்டு வாங்க, அவரு எனக்கும் தெரிஞ்சவருதான்" என்பான். கல்மரத்தைக் காட்டி, "இது பச்சை மரமா நின்னப்ப நம்ம பாட்டனுக்குப் பாட்டன் கடல்ல மீனா நீஞ்சிக்கினு இருந்தான்" என்பான். சிரிக்காத ஆளைக்கூடச் சிரிக்க வைத்துவிடும் குரல். அதெல்லாம் பெரிதில்லை. அவன் செய்த ஒன்றுதான் பெரிது.

மரக்காணத்திலிருந்து தெற்கே வரும் சாலை அந்த நாளில் சிறியது. பனையும் தென்னையும் சவுக்கும் கடலை மறைத்துக்கொண்டே வரும். ஒரே ஓர் இடத்தில், ஒரு சின்னப் பாலத்தை ஏறி இறங்கியதும், தோப்புகள் சட்டென்று விலகும். இடப்பக்கம் முழுவதும் கடல். கருவாடு காயப் போட்டிருக்கும் கொட்டகை வரைக்கும் தெரியும். அதற்குப் பிறகு மறுபடியும் தோப்பு மூடிக்கொள்ளும், புதுச்சேரி வரை விடாது. பாலம் வருவதற்குச் சற்று முன்னால் பாய் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வான். "மூடுங்க, மூடுங்க. தெறந்து வெச்சிக்கினு போனா கடல் சின்னதாப் பூடும், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது." சிரித்துக்கொண்டே மூடுவார்கள். டிரைவர் அண்ணன் பாலத்தில் வண்டியை மெதுவாக ஏற்றி இறக்குவார். அந்தக் குலுக்கல்தான் கணக்கு. ஒரு மூச்சு விட்டுவிட்டு, "தெறங்க!" என்பான் பாய்.

திறப்பார்கள். அந்த ஒரு நொடியில் வேனுக்குள் சத்தமே இருக்காது. பிறகு ஒரு பெரிய "ஆ" எழும். கடைசி சீட்டில் இருந்த எனக்குக் கிடைத்தது அந்தச் சத்தமும், வரிசையாகப் பின்னந்தலைகளும். கொண்டை, மொட்டை, பூச்சரம், துண்டு. அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் கடலை முதன்முதலாகப் பார்த்த அந்தப் பார்வை பாய்க்கு மட்டுமே கிடைத்தது. கடல் எனக்குக் கிடைத்தது உண்மைதான். ஒவ்வொரு டிரிப்பிலும் பார்த்தேன். இரண்டாம் மாதத்திலேயே அது எனக்கு ஏரி மாதிரி ஆகிவிட்டது.

சாயங்காலம் டீக்கடையில் அவன் சொல்வான். "மூணாவது சீட்டு பெருசு கீதே, கண்ணத் தொடைச்சிக்கினே இருந்திச்சு மச்சான். அந்தக் கவுண்டரு இன்னா சொன்னாரு தெரியுமா? இத்தினி தண்ணி கெடந்து ஒரு காணி பாய வழியில்லியேன்னாரு. புதுப்பொண்ணு கடலைப் பாக்கவேயில்ல, புருசன் பாக்குறதப் பாத்துக்கினு கீது." வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு ருசியைச் சொல்பவன் போலச் சொல்வான். பசித்தவனாக நான் கேட்டுக்கொண்டிருப்பேன். உண்மையான பசி எனக்குப் பழக்கம். ஒருநாள் பட்டினி கிடந்தால் மறுநாள் சாப்பிடும்போது மறந்துவிடும். இந்தப் பசி அப்படி மறக்கவில்லை. அவனுடைய அண்ணன்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். மடிப்புக் கலையாத சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் அவனுக்கு வரும். வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டில் எனக்கும் பாதி தருவான். அதற்கெல்லாம் நான் பொறாமைப்படவில்லை. சட்டைக்கு வேண்டுமானால் கொஞ்சம் பட்டிருப்பேன். அந்த முகங்களுக்குத்தான் வயிறு எரிந்தது. வாந்தி எடுக்கும்போது அதே முகங்கள் என்னிடம் வரும். நான் பார்த்தது அப்போதுதான்.

அவன் பேசுவதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஜங்ஷனில் சரக்கு வண்டிகள் நிற்கும் பக்கமாகப் போய், ஆளில்லாத பெட்டிகளுக்கு உப்பளத்தையும் கல்மரத்தையும் காட்டியிருக்கிறேன். ஒருமுறை ரயில்வே ஊழியர் ஒருவர் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, தனியா நின்னு யாருக்கு ஓட்டு கேக்குற?" என்றார். வெட்கப்படவில்லை. பாய்க்கு ஒரு நாள் தொண்டை கட்டினால் போதும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குத் தொண்டை கட்டவே இல்லை.

தொண்டை கட்டாவிட்டாலும் அவனுக்கு வெளிநாட்டு விசா வந்தது. அடுத்த வாரம் பம்பாய் போய் அங்கிருந்து விமானம் ஏற வேண்டும். வேன் முதலாளி பதறிவிட்டார். பாய்தான் என்னைச் சொன்னான்.

"இவனா?" என்றார் முதலாளி. "இவன் வாயத் தெறந்தா வாந்தி வருதா, வாளி வேணுமான்னு கேக்கத்தான் தெரியும்."

"ஒரு தபா நிக்க வெச்சிப் பாருங்க மொதலாளி. எனக்கு மேல பேசுவான்."

முதலாளி யோசித்தார். அவருடைய மச்சினன் ஒருவன் பண்ருட்டியில் சும்மா இருந்தான். அவனைக் கொண்டுவரச் சொல்லி வீட்டில் நச்சரிப்பு. கடைசியில், "சரி. வர்ற டிரிப்புல நானே கூட வர்றேன். நல்லா பேசினான்னா இவன். இல்லாங்காட்டி மச்சினன்" என்றார். எனக்குப் பரிந்து பேசியவன் பாய். அதற்கு நன்றி இருக்க வேண்டும். எனக்கு அது இன்னொரு எரிச்சலாகத்தான் இருந்தது. கொடுக்கும் இடத்திலும் அவனே நிற்கிறான்.

அந்த டிரிப்பில் வந்தவர்கள் பிரம்மதேசத்துப் பக்கத்துக் குடித்தனக்காரர்கள். மல்லாட்டை நல்ல விலைக்குப் போயிருந்தது. பெண்கள் புதுப்புடவையின் மொடமொடப்போடு ஏறினார்கள். முன்சீட்டில் ஒரு அம்மா, மடியில் ஒரு சின்னப் பெண். பக்கத்தில் புருஷன். முதலாளி இரண்டாம் சீட்டில் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாய் வீட்டுக்குப் போக வேண்டியவன், கோட்டக்குப்பத்தில் இறங்கிக்கொள்கிறேன் என்று ஏறினான். உட்கார வேறு இடமில்லை. என்னுடைய இடத்தில், டிரம்முக்கும் ஸ்டெப்னிக்கும் நடுவே, என் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அதைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ச்சி!

எஞ்சின் பெட்டி சுட்டது. சாலைக்கு முதுகைக் காட்டி நிற்பது நினைத்ததைவிடக் கஷ்டம். வண்டி எப்போது திரும்பும் என்று உடம்புக்குத் தெரியவில்லை. ஆனாலும் பேச்சு வந்தது. கோயிலைச் சொன்னேன். உப்பளத்துக்கு அவனுடைய ரசத்தையே சொன்னேன், சிரித்தார்கள். முன்சீட்டு அம்மா, "எங்க வூட்டுக்காரரு ஒருத்தரு போதும், இந்த உப்பளத்த முழுசும் ரசத்துல கொட்டிடுவாரு" என்றாள். "நீ ஆக்கிப் போடுறத வாயில வெக்கணும்னா உப்பாச்சும் வேணாமா?" என்றான் புருஷன். வேன் முழுவதும் சிரித்தது. முதலாளி தலையை ஆட்டிக்கொண்டார். பின்னாலிருந்து பாய் யாருக்கும் தெரியாமல் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். நான் பார்க்காதது போல இருந்தேன்.

பாலம் வரப்போவது டிரைவர் அண்ணன் கியரை மாற்றுவதில் தெரிந்தது. கண்ணை மூடச் சொன்னேன். எல்லோரும் மூடினார்கள். முதலாளிகூட மூடிக்கொண்டார், வாய் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. அந்த அம்மா தன் கண்களை இறுக்கிக்கொண்டு, ஒரு உள்ளங்கையால் குழந்தையின் கண்களையும் பொத்தினாள். வேன் நிறைய மூடிய முகங்கள். இந்த முகங்களைப் பற்றிப் பாய் எனக்குச் சொன்னதே இல்லை. திறந்த முகங்களைத்தான் சொல்லியிருக்கிறான். என்னைத் தெரியாதவர்கள், காலையில் ஏறியவர்கள், நான் சொன்ன ஒரு சொல்லுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். இதையும் இத்தனை வருஷம் அவன் ஒருவனே வைத்துக்கொண்டிருந்தானா என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் கடைசி சீட்டைப் பார்த்தேன்.

பாய் கண்ணை மூடவில்லை.

வண்டி பாலத்தில் ஏறி இறங்கியது. என் முதுகுக்குப் பின்னால் தோப்பு விலகியது என்பதை அவன் முகத்தில்தான் பார்த்தேன். முதலில் அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், சொல்லு என்பது போல. பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. கண்கள் என் தோளைத் தாண்டிப் போயின. கூட்டத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவன் தலையை உயர்த்துவானே, அப்படி உயர்த்தினான். மடியிலிருந்த வாளியைச் சத்தம் வராமல் கீழே வைத்தான். பாதி எழுந்தான். கன்னத்துச் சதை தளர்ந்து, வாய் பிரிந்து, பத்து வயது குறைந்த மாதிரி ஆகிவிட்டது முகம். எத்தனையோ பேருக்குக் கடலைக் காட்டியவன், கடற்கரை ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், அந்த இடத்தில் கடல் எப்படித் திறந்துகொள்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறான். அதுவரை அவனுக்கு அது ஒரு குலுக்கல், ஒரு மூச்சு, அவ்வளவுதான். அடுத்த வாரம் ஊரைவிட்டே போகிறவன் என்பதும் அந்தப் பார்வையில் இருந்திருக்கும். எனக்கு அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. முகங்களெல்லாம் இவனுக்கே கிடைத்தன, இப்போது கடலும் இவனுக்கே கிடைக்கிறது என்றுதான் தோன்றியது. கண்ணை எடுக்க முடியவில்லை. நான் ஏங்கியது எல்லாம் இதற்குத்தான். கடலைப் பார்க்கும் ஒரு முகம். அது எதிரே இருந்தது. அதைத் தின்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கருவாட்டு நாற்றம் வந்து போனது. வண்டிக்குள் நிழல் அடித்தது. தோப்பு மூடிக்கொண்டுவிட்டது.

"தெறங்க" என்று நான் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்ற நினைவு வந்தபோது சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. இல்லாத கடலுக்கு எப்படித் திறக்கச் சொல்வது? அவர்கள் நல்ல மனிதர்கள். சொல்லாமல் திறக்கக் கூடாது என்று மூடியபடியே வந்தார்கள். யாரோ ஒருவர் மட்டும், "தூரமாத்தான் கீது போல" என்றார். டிரைவர் அண்ணன் எதுவும் அறியாமல் ஓட்டிக்கொண்டு போனார். கோட்டக்குப்பம் கடைத்தெருவில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வரவும் பிரேக் போட்டு நிறுத்தினார். அம்மாவின் விரலிடுக்கில் பார்த்த குழந்தை, "ம்மா, கடை" என்றது.

அந்த அம்மா கண்ணைத் திறந்தாள். எதிரே வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடை. வாசலில் பளபளக்கும் புடவைகளும், டேப் ரிக்கார்டரும், வாசனைச் சோப்பு அட்டைகளும்.

"ஏங்க," என்றாள், "இதுவா கடலு?"

ஒவ்வொருவராகத் திறந்தார்கள். கடை வாசலில் நின்றிருந்த பெரியவர், கண்ணை மூடிக்கொண்டு வந்து நின்ற ஒரு வேன் நிறையப் பேரைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, எல்லாரும் கண்ணாஸ்பத்திரிக்கா போறீங்க?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் கத்தினார்கள். முதலாளி எழுந்தே விட்டார். "கடலக் காட்டுறேன்னு கூப்டுக்கினு வந்து கடைய காட்டுறியாடா?" என்றார். "நான் பாலத்துல சரியா ஏத்தி எறக்குனேனே, நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்றார் டிரைவர் அண்ணன். முன்சீட்டுப் புருஷன் வண்டியைத் திருப்பச் சொன்னான். டீசல் யார் போடுவது என்றார் முதலாளி. அந்த அம்மாதான், "வுடுங்க. கடலு எங்க போய்டப் போவுது? அங்கதான் கெடக்கும்" என்று புருஷனை உட்கார வைத்தாள். அப்படிச் சொல்லிவிட்டு, தாண்டி வந்த சாலையைப் பின் கண்ணாடி வழியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

பாய் இறங்க வேண்டிய ஊர் அதுதான். அவன் இறங்கவில்லை. இருக்கைகளுக்கு நடுவே முன்னால் வந்து, என் தோளைத் தொட்டு விலக்கிவிட்டு, எஞ்சின் பெட்டியில் சாய்ந்து கம்பியைப் பிடித்தான். "ஒண்ணும் பேஜாரு இல்ல. இப்ப வுட்டது குட்டிக் கடலு. ஜல்தி வாங்க, அம்மாக் கடலு பாண்டியில காத்துக்கினு கீது" என்றான். வேன் மறுபடியும் சிரித்தது. நான் கடைசி சீட்டுக்குப் போய் வாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பின்னந்தலைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

புதுச்சேரியில் கடல் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே தெருமுனையிலிருந்தே தெரிந்துவிடும். ஐஸ் விற்பவனும் பலூன்காரனும் முன்னால் நிற்பார்கள். வேன் நின்றதும் எல்லோரும் இறங்கி ஓடினார்கள். எனக்கு முதுகுகள்தான் கிடைத்தன. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபம் தணிந்திருந்தது. "பின்னாடியே குந்திக்கினு வா. அதான் உனக்கு ஒத்து வரும். நாளையிலேர்ந்து மச்சினன் நிப்பான்" என்றார். வேலையை விட்டுத் துரத்தவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். கடைசி சீட்டு எனக்கு அப்படியே இருந்தது.

கரையில் கொட்டியிருந்த கறுப்புப் பாறைகளின் மேல் பாய் உட்கார்ந்திருந்தான். நான் போய் நின்றேன்.

"இன்னாடா, என்னையே பாத்துக்கினு நின்னுட்ட?" என்றான்.

"எல்லாரையும் மூடச் சொன்னேனே, நீ ஏன் மூடல?"

"நான் இன்னா டிக்கெட்டா, மூடிக்கினு குந்த?" என்று சிரித்தான். முகத்தை அலைப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு குரலை இறக்கி, "அங்க அப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாது மச்சான். இத்தினி வருசம் முதுவ காட்டிக்கினே போய்ட்டேன்" என்றான். அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு, விளையாட்டாகக் கேட்பவன் போலத் திரும்பினான்.

"என் மூஞ்சி எப்டி இருந்திச்சு? சொல்லேன்."

அவன் எனக்கு எத்தனை முகங்களைச் சொல்லியிருக்கிறான், ஒவ்வொரு சாயங்காலமும், கேட்காமலே. நான் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

"பாக்கல பாய்" என்றேன்.

"பொய் சொல்லாத. வெறிச்சிப் பாத்துக்கினு இருந்தியே."

"வெயிலு. ஒண்ணும் தெரியல."

அவன் நம்பவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. வேனின் மேலிருந்து என் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வடக்கே நடக்க ஆரம்பித்தேன். மச்சினன் அந்த இடத்தில் நின்று அந்த முகங்களை வாங்கிக்கொள்வதை வாளியோடு உட்கார்ந்து பார்க்க என்னால் ஆகாது. பட்டினியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாய் ஏதோ கூப்பிட்டான். அலைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

தோப்பு விலகும் இடம் வந்தபோது கால் வலித்தது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். கருவாட்டுக் கொட்டகையில் ஒரு பெண் வலையை உதறிக்கொண்டிருந்தாள். கடலைப் பார்த்தேன். கண்ணை மூடித் திறந்தும் பார்த்தேன். என் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. சவுக்குக் கட்டை ஏற்றி வந்த ஒரு லாரிக்காரர் நிறுத்தி, "திண்டிவனமா? மேல ஏறிக்கோ, கட்டையப் பிடிச்சிக்கினு குந்து" என்றார். ஏறிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எவ்வளவோ ஊர்களில் எவ்வளவோ வேலை பார்த்துவிட்டேன். இப்போது அந்தச் சாலை அகலமாகிவிட்டது. பாலம் இருந்த மேடு தெரியாமல் வண்டிகள் பறக்கின்றன. யாரும் கண்ணை மூட வேண்டியதில்லை, மூடுவதற்குள் தாண்டிவிடும். பாய் விமானம் ஏறினான் என்று கேள்விப்பட்டேன். திரும்பி வந்தானா என்று விசாரிக்கவில்லை. வந்திருந்தால் வசதியாகவே இருப்பான். பேரன் பேத்திகூட எடுத்திருப்பான். எல்லாம் இருக்கட்டும். அந்தப் பகலில் அவன் முகம் எப்படி இருந்தது என்பது மட்டும் அவனிடம் இல்லை. என்னிடம் இருக்கிறது. இதை எழுதும்போதுகூட அதை அவனுக்குக் கொடுக்கிறேனோ என்று ஒரு கணம் பேனா நின்றது.

அன்று திண்டிவனம் பஸ் நிலையத்தில் படுத்தேன். காலையில் டீக்கடையில் பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து ஒரு டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பஸ்ஸுக்குக் கூவி ஆள் ஏற்றுகிறவனுக்கு மஞ்சள் காமாலை என்று பேசிக்கொண்டார்கள். நான் கூவுகிறேன் என்றேன். எங்கே, கூவு பார்க்கலாம் என்றார் டீக்கடைக்காரர். "பாண்டி, பாண்டி, பாண்டி! மரக்காணம் வழி பாண்டி!" என்றேன். கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு, "யப்பா, போதும்பா, அங்கியே கேட்ருக்கும்" என்றார். அப்படித்தான் அந்த வேலை கிடைத்தது. முதல் பஸ்ஸுக்கு ஓர் இளம் பெண்ணும் அவளுடைய அப்பாவும் வந்தார்கள். அவர் கையில் துணிப்பை. அவள் வெறுங்கையோடு, பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இதுல போனா கடலு தெரியுமாங்க?" என்று கேட்டார் அப்பா. "பொண்ணு பாத்ததில்ல."

"எடதுகைப் பக்கம் குந்துங்க" என்றேன். "மரக்காணம் தாண்டி ஒரு சின்னப் பாலம் வரும். அதுக்கு முன்னாடி தூங்கிடாதீங்க."

அவள் இடப்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து, இப்போதே வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டாள். எதிரே டீக்கடையும் என்னையும் தவிர ஒன்றுமில்லை. விசில் அடித்தது. பஸ் நகரும்போது கண்டக்டர் முன்படியில் ஏறி, கம்பியில் முதுகைச் சாய்த்து, சாலைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்தபடி டிக்கெட் கிழிக்க ஆரம்பித்தார். நல்ல மனிதர், பிற்பாடு எனக்குப் பல நாள் பீடி கொடுத்திருக்கிறார். அன்று காலையிலிருந்தே அவரை எனக்குப் பிடிக்கவில்லை. பஸ் வளைவில் மறையும் வரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குக் கூவப் போனேன்.